ஃபிக்ஷனலா, ஃபிக்டிஷியஸா, இமேஜினரியா? நாவலின் முதல் பக்கத்தில் எதைப் போடுவது?

கண்ணாடித்தாள் கேட்டது:

வணக்கம். சின்னப் பதிப்பகம் ஒன்றுக்காகத் தமிழ் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிழை பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதை மதுரையில் நடக்கிறது. தெருப்பெயர், கோயில், சந்தை எல்லாம் அசல். மனிதர்கள் மட்டும் எழுத்தாளர் உண்டாக்கியவர்கள்.

முதல் பக்கத்தில் நம் எல்லாருக்கும் மனப்பாடமான அந்த வரி இருக்கிறது: இக்கதையில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல. மொழிபெயர்ப்பாளர் ‘இமேஜினரி’ என்று போட்டிருந்தார். நான் அதை ‘ஃபிக்ஷனல்’ ஆக்கினேன். பதிப்பாசிரியர் அதையும் அடித்துவிட்டு ‘ஃபிக்டிஷியஸ்’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருக்கிறார். எனக்கோ ஃபிக்டிஷியஸ் என்றாலே இல்லாத ஆள் பேரில் கடன் வாங்கி ஓடியவன் ஞாபகம்தான் வருகிறது. அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு இன்னொன்றை அர்த்தமாகக் கொடுத்துச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் கொண்டுவந்து விடுகிறது.

இன்னும் இரண்டு இடங்களில் உதைக்கிறது. நாயகன் மேல் போலீஸ் போடும் பொய் வழக்கு ‘ஃபேப்ரிகேட்டட் கேஸ்’ என்று வந்திருக்கிறது, அது எனக்கு வெல்டிங் பட்டறை போர்டு மாதிரி இருக்கிறது. அப்புறம் மதுரை வீரனை ‘மித்திக்கல் ஹீரோ’ என்கிறது. எழுத்தாளர் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் குலசாமியைப் பொய் என்கிறீர்களா என்று கோபித்துக்கொண்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அச்சுக்குப் போக வேண்டும்.

தெற்குவாசல் எழுதியது:

எல்லாமே ‘நிஜத்தில் இல்லை’ என்றுதான் சொல்கின்றன, அதனால்தான் அகராதி கைவிரிக்கிறது. எந்த அளவுக்குப் பொய் என்று பார்க்காதீர்கள். இது கட்டியது என்று யார் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

ஃபிக்ஷனல் என்றால் எழுதியவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். ஷெர்லாக் ஹோம்ஸ் குடியிருந்த பேக்கர் தெரு 221பி அப்படிப்பட்ட ஒரு விலாசம். கோனன் டாயில் எழுதிய காலத்தில் லண்டனில் அந்தத் தெருவின் எண்கள் 221 வரை போகவே இல்லை. ஆனால் அதே விலாசத்தை நீங்கள் கடன் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தால் அந்த நொடியே அது ஃபிக்டிஷியஸ் விலாசம். ஏனென்றால் விண்ணப்பத்தை வாங்குகிறவர் அதை உண்மை என்று நம்பித்தான் வேலை பார்க்க வேண்டும். (1930களில் தெருவுக்கு எண் மாற்றியபோது 221 ஒரு வீட்டுக்கடன் சங்கத்தின் கட்டடத்துக்குள் வந்து விழுந்தது. ஹோம்ஸ் பேருக்கு உலகெங்கும் இருந்து வந்த கடிதங்களுக்குப் பதில் போட அவர்கள் தனியாக ஒரு செயலாளரை வைத்திருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த உத்தியோகம் அது.)

இமேஜினரி என்றால் ஒருவர் மனத்துக்குள் மட்டும் இருப்பது. குழந்தை தனியாக உட்கார்ந்து பேசும் தோழன், பரிசோதனையில் ஒன்றும் அகப்படாத வியாதி. நாவல் பாத்திரத்தை அப்படிச் சொன்னால் இலக்கணப்படி தவறில்லை, ஆனால் கேட்பவருக்கு அந்தப் பாத்திரமே இன்னொரு பாத்திரத்தின் பிரமை போலத் தோன்றிவிடும். அதைத் தூக்கிவிடுங்கள். இதோடு ‘இமேஜின்டு’ என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெனடிக்ட் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 1983-ல் தேசத்தை இமேஜின்டு சமூகம் என்றது, தேசம் பொய் என்ற அர்த்தத்தில் அல்ல. முன்பின் பார்த்திராத கோடிப் பேர் ஒருவரை ஒருவர் நம் ஆள் என்று நினைத்துக்கொள்வதைத்தான் அவர் சொன்னார். தேசியம் பற்றி எழுதிய இன்னொருவரான எர்னஸ்ட் கெல்னர் ‘இன்வென்ட்’ என்ற சொல்லைப் போட்டு விஷயத்தைப் போலித்தனத்தின் பக்கம் தள்ளிவிட்டார் என்ற குறையும் அந்தப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

என் ஓட்டு ஃபிக்ஷனலுக்கு.

கறுப்புக்கோட்டு எழுதியது:

221பி உதாரணம் அருமை, தீர்ப்பு தவறு. பதிப்பாசிரியர் சொன்னதே சரி.

அந்த வரி பிறந்ததே வழக்கு பயத்தில். 1932-ல் எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் நிறுவனம், ரஷ்ய அரச குடும்பத்தோடு ஒட்டியிருந்த சாமியார் ரஸ்புடினைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் ரஸ்புடினிடம் சீரழியும் இளவரசி ஒருத்தி வருகிறாள். ரஸ்புடினைக் கொன்றவர்களில் ஒருவரான யுசுபோவின் மனைவி இரினா, அது நான்தான் என்று உலகம் நினைக்கிறது என்று லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1934-ல் 25,000 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். படத்தின் தொடக்கத்திலேயே, இதில் வரும் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று வேறு போட்டுத் தொலைத்திருந்தார்கள்! அதற்குப் பிறகுதான் ஹாலிவுட் படங்களில் எல்லாம் கற்பனையே, ஒற்றுமை தற்செயலே என்ற வரி வரிசையாக வர ஆரம்பித்தது. அந்த வரியில் அன்றிலிருந்து உட்கார்ந்திருக்கும் சொல் ஃபிக்டிஷியஸ். அங்கே ஏமாற்று என்ற வாடை கிடையாது. ‘இந்தப் பெயருக்குப் பின்னால் ஆள் இல்லை’, அவ்வளவுதான்.

உங்கள் நாவலுக்கு இன்னும் பொருத்தமான வாசகம் இருக்கிறது. இப்போது வரும் ஆங்கில நாவல்களில், பெயர்களும் இடங்களும் ஒன்று ஆசிரியரின் கற்பனையில் பிறந்தவை, இல்லையென்றால் ‘ஃபிக்டிஷியஸ்லி’ பயன்படுத்தப்பட்டவை என்று போடுகிறார்கள். இரண்டாவது பாதிதான் உங்களுக்கு வேண்டியது. மதுரை அசல், அதைக் கதைக்குள் பயன்படுத்திய விதம் புனைவு. மொத்தத்தையும் ஃபிக்ஷனல் என்றால் மீனாட்சி அம்மன் கோயிலும் இல்லாதது ஆகிவிடும் சார்.

நீதிமன்றத்தில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. பழைய இங்கிலாந்தில் நிலத்தை மீட்கும் வழக்கில் ஜான் டோ, ரிச்சர்ட் ரோ என்று இல்லவே இல்லாத இரண்டு பேரை வாதி பிரதிவாதியாகக் காட்டுவார்கள். நீதிபதிக்கும் அது தெரியும். 1852-ல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். இன்று நம் ஊரில் படம் ரிலீஸாகும் முன் தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றத்தில் வாங்கும் தடையாணையில் ‘அசோக் குமார்’ என்று ஒரு பெயர் வரும், அது ஜான் டோவின் இந்தியத் தம்பி. ஆனால் இங்கே பெயர்தான் ஃபிக்டிஷியஸ், படத்தைத் திருட்டுத்தனமாக ஏற்றப்போகிற ஆள் எங்கோ நிஜமாகவே இருக்கிறான். லீகல் ஃபிக்ஷன் என்பது இன்னொரு ரகம். உண்மை இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், உண்மை என்றே நடத்த வேண்டும். திருடுபோய் லண்டனில் அகப்பட்ட பத்தூர் நடராஜர் சிலைக்காக நடந்த வழக்கில், கோயில் ஒரு சட்டபூர்வ நபர், அது இங்கிலாந்தில் வழக்காடலாம் என்று 1991-ல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சிலை ஊர் திரும்பியது. அதை யாராவது ஃபிக்டிஷியஸ் நபர் என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

பொய் வழக்குக்கு வருகிறேன். ‘ஃபேப்ரிகேட்’ சாட்சியத்தோடு சேரும் சொல், 2024-ல் விலக்கப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 192-வது பிரிவே அதைப் பற்றியதாக இருந்தது. கத்தியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டு அங்கேயே கைப்பற்றியதாக மகஜர் எழுதினால் அது ஃபேப்ரிகேட்டட். குற்றச்சாட்டே ஆதாரமில்லாமல் ஜோடித்தது என்றால் ட்ரம்ப்ட்-அப். நம் ஊர் மனுக்களில் இரண்டையும் விட அதிகமாக வருவது ‘ஃபாய்ஸ்டட்’, அதாவது ஆள் மேல் கொண்டுவந்து சுமத்தியது. வெளிநாட்டு வாசகருக்கு அது கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும், ஆனால் கதையில் வக்கீல் பேசுகிற இடம் என்றால் அதையே வையுங்கள்.

பட்டறைப்பையன் எழுதியது:

வெல்டிங் பட்டறை என்று கிண்டல் செய்தீர்களே, சொல் உண்மையிலேயே பட்டறையில் இருந்து வந்ததுதான். லத்தீனில் ‘ஃபேபர்’ என்றால் கைவினைஞன், கொல்லன். ஃபிக்ஷன், ஃபிக்மென்ட், ஃபெய்ன் எல்லாம் ‘ஃபிங்கெரெ’ வழி, அது களிமண்ணைப் பிசைந்து உருவம் பிடிப்பது. எங்கள் பட்டறை போர்டை யாரும் மாற்றச் சொல்லாதீர்கள்.

மைனஸ்ஒன்று எழுதியது:

ஃபிக்டிஷியஸ் என்றால் ஏமாற்று என்ற வாதத்துக்கு இன்னும் இரண்டு அடி. பேருந்து வளைவில் திரும்பும்போது நம்மை ஓரமாகத் தள்ளுகிற மாதிரி இருக்கிறதே, அந்த மையவிலக்கு விசைக்கு ஆங்கிலத்தில் ஃபிக்டிஷியஸ் ஃபோர்ஸ் என்றே பெயர். (நம் பாடப்புத்தகம் சூடோ ஃபோர்ஸ் என்று சொல்லும்.) யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. திரும்புகிற வண்டிக்குள் இருந்துகொண்டு நியூட்டன் விதிகளைப் போட்டால் கணக்கு உதைக்கும், அதைச் சரிக்கட்டச் சேர்க்கிற விசை அது. சாலையோரம் நிற்பவருக்கு அந்த விசையே தேவையில்லை, நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள், வண்டி திரும்புகிறது, அவ்வளவுதான். அதை இமேஜினரி ஃபோர்ஸ் என்று சொன்னால் பயணிக்கு மனப்பிரமை என்று ஆகிவிடும், பக்கத்துச் சீட்டுக்காரர் மேல் விழுந்தது பிரமையா என்ன.

வணிகவியல் படித்தவர்களுக்கு ஃபிக்டிஷியஸ் அசெட் தெரியும். முன்பெல்லாம் நிறுவனம் தொடங்கும்போது செய்த ஆரம்பச் செலவை ஒரே வருடத்தில் எழுதித் தள்ளாமல் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் வைத்திருப்பார்கள். விற்றால் காசு வராது, ஆனால் மோசடி இல்லை. குட்வில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதை விற்கலாம், அதனால் அது இந்தப் பட்டியலில் சேராது. இந்த இடங்களில் எல்லாம் ஃபிக்டிஷியஸ் என்பதற்கு அர்த்தம், கணக்குக்காக வைத்தது என்பதுதான்.

இமேஜினரிக்கும் ஒரு அநியாயம் நடந்திருக்கிறது. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்துக்கு அந்தப் பெயரை வைத்தது டெகார்ட், 1637-ல், கொஞ்சம் இளக்காரமாகத்தான். பெயர்தான் இந்த எண்களைப் புரியாத மர்மம் ஆக்கிவிட்டது, பக்கவாட்டு எண் என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை என்று 1831-ல் காவுஸ் வருத்தப்பட்டார். மாறுதிசை மின்சாரக் கணக்கு முழுக்க இன்று அந்த ‘இல்லாத’ எண்களில்தான் ஓடுகிறது.

உடுக்கடி எழுதியது:

எழுத்தாளருக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் ‘மித்’ என்ற சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை. பத்திரிகையில் ‘மித்தும் உண்மையும்’ என்று பெட்டிச் செய்தி போட்டால் அங்கே மித் என்பது தவறான நம்பிக்கை. நாட்டாரியல் படிக்கிறவர்களிடம் அப்படி இல்லை. வில்லியம் பாஸ்கம் 1965-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் மித், லெஜண்ட், ஃபோக்டேல் மூன்றையும் பிரித்த விதம் இன்னும் வகுப்புகளில் ஓடுகிறது. சொல்லுகிறவர்கள் உண்மை என்று நம்பினால் மித் அல்லது லெஜண்ட், கதை என்று தெரிந்தே சொன்னால் ஃபோக்டேல். மித் உலகம் உருவான ஆதிகாலத்தில் நடப்பது, பெரும்பாலும் தெய்வங்கள் வருவது. லெஜண்ட் நமக்குத் தெரிந்த உலகத்தில், கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற காலத்தில், மனிதர்களுக்கு நடப்பது. கேட்பவர் நம்புகிறாரா என்பது இதில் கணக்கிலேயே இல்லை, சொல்லும் சமூகம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அளவுகோல். மேலே ஒருவர் யாருக்குத் தெரியும் என்று கேட்கச் சொன்னார், இங்கே யார் நம்புகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்த்தால் மதுரை வீரன் கதை லெஜண்ட். கதைப்பாடல் அவனைத் திருமலை நாயக்கர் காலத்தில் கொண்டுவந்து வைக்கிறது. அவர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர், தேதி உள்ள மன்னர், மகால் இன்னும் நிற்கிறது. வீரன் கள்ளர்களை அடக்குகிறான், வெள்ளையம்மாளோடு சேர்கிறான், மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான், அப்புறம் தெய்வமாகிறான். செத்தவன் தெய்வமாவது நம் காவல் தெய்வங்கள் பலருடைய வழி. இதை மித்திக்கல் என்று எழுதினால் காலமும் ஊரும் கழன்று விழுந்துவிடும்.

ஆனால் ‘லெஜண்டரி ஹீரோ’ என்று போட்டுவிடாதீர்கள்! இன்று லெஜண்டரி என்றால் பின்னணிப் பாடகரும் கிரிக்கெட் வீரரும்தான் நினைவுக்கு வருவார்கள். இந்த வம்சத்தில் சில சொற்களுக்கு அப்படி யோகம் அடித்திருக்கிறது. ஃபேபுலஸ் ஒரு காலத்தில் கட்டுக்கதையில் வரும் மிருகத்துக்குச் சொன்னது, இப்போது புடவைக்குச் சொல்கிறார்கள். ஃபன்டாஸ்டிக் பிரியாணிக்குப் போய்விட்டது. அந்த ஹீரோவை எடுத்துவிட்டு, லெஜண்டில் வரும் மதுரை வீரன், இன்று காவல் தெய்வம் என்று வாக்கியத்தைப் பிரித்து எழுதுங்கள். தெய்வம் என்ற சொல்லை விடக் கூடாது, எழுத்தாளர் கேட்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

சொற்பூதம் எழுதியது:

கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனால் இந்த இழையில் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அகராதி கைவிரிக்கிறது என்றீர்கள், அகராதிக்காரர்களே இல்லாததை உண்டாக்குவார்கள் தெரியுமா?

1975-ல் வந்த நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜீனியா மவுன்ட்வீசல் என்று ஒரு பெண் இருக்கிறார். நீரூற்று வடிவமைப்பாளர், பிறகு புகைப்படக்காரர், ஒஹையோவில் பேங்ஸ் என்ற ஊரில் பிறந்தவர், கம்பஸ்டிபிள்ஸ் என்ற பத்திரிகைக்காகப் படமெடுக்கப் போன இடத்தில் வெடி விபத்தில் செத்துப் போனார். ‘வெடி’ என்று அர்த்தம் வரும் ஊரில் பிறந்து ‘தீப்பற்றும் பொருட்கள்’ என்ற பத்திரிகைக்கு வேலை பார்த்தவர்! அப்படி ஒருவர் கிடையாது. யாராவது அப்படியே காப்பியடித்தால் பிடிப்பதற்கு இதுபோலப் பதிவுகளைச் சொருகி வைப்பார்கள். 2001-ல் வந்த ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியிலும் ‘எஸ்குவிவேலியன்ஸ்’ என்று ஒரு சொல்லைச் சொருகினார்கள், வேண்டுமென்றே கடமையைத் தட்டிக்கழிப்பது என்று அர்த்தமும் கொடுத்து. இந்த மாதிரிப் பதிவுக்கு ஆங்கிலத்தில் பெயர் ஃபிக்டிஷியஸ் என்ட்ரி. ஃபிக்ஷனல் என்ட்ரி என்று யாரும் சொல்வதில்லை. தெற்குவாசல் சொன்ன விதி இங்கே பாதி நிற்கிறது பாருங்கள், வாசகர் நம்ப வேண்டும், ஆனால் குறி வாசகர் அல்ல, திருடன்.

தெரியாமல் உண்டானால் பெயரே வேறு. 1934 வெப்ஸ்டர் பெரிய அகராதியில் ‘டோர்ட்’ என்ற சொல்லுக்கு அடர்த்தி என்று அர்த்தம் இருந்தது. பெரிய டி அல்லது சின்ன டி, அடர்த்தியின் சுருக்கக்குறி என்று எழுதிய சீட்டை யாரோ சேர்த்துப் படித்து ஒரே சொல்லாக்கிவிட்டார்கள், 1939-ல்தான் கண்டுபிடித்தார்கள். இப்படிப் பிறப்பதற்கு கோஸ்ட் வேர்ட் என்று ஸ்கீட் என்ற மொழியறிஞர் 1886-லேயே பெயர் வைத்துவிட்டார். வரைபடத்தில் இல்லாத தீவு இருந்தால் பேன்டம். பவளக் கடலில் சேண்டி தீவு என்று காட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு 2012-ல் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் போய்ப் பார்த்தால் வெறும் ஆழ்கடல். கோஸ்ட், பேன்டம் இரண்டிலும் உண்டாக்கியவர் என்று குற்றம் சொல்ல ஆள் இல்லை, பிழை தானாக வளர்ந்தது.

இதில் உச்சம் அக்லோ. 1930களில் ஒரு நிறுவனம் நியூயார்க் மாநில வரைபடத்தில் திருடனைப் பிடிக்க வைத்த இல்லாத ஊர். பிறகு போட்டி நிறுவனமான ராண்ட் மெக்னாலியின் வரைபடத்திலும் அதே பெயர் வந்ததும், அகப்பட்டார்கள் என்று பார்த்தால், அந்த இடத்தில் நிஜமாகவே அக்லோ ஜெனரல் ஸ்டோர் என்று ஒரு கடை. வரைபடத்தைப் பார்த்துத்தான் கடைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இனி எந்தச் சொல்லால் சொல்வது என்று எனக்குச் சொல்லுங்கள்.

கண்ணாடித்தாள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதல் பக்கத்துக்குக் கறுப்புக்கோட்டு சொன்ன வாசகத்தை அனுப்பிவிட்டேன், பதிப்பாசிரியர் ஒற்றைச் சொல்லில் ஓகே என்றார். காவல் நிலைய அத்தியாயத்தில் மகஜர் வரும் இடத்தில் மட்டும் ஃபேப்ரிகேட்டட், வக்கீல் வாயில் ஃபாய்ஸ்டட். மதுரை வீரன் வாக்கியத்தையும் பிரித்துவிட்டேன்.

கிளம்பும் முன் ஒன்று. இன்னொரு அத்தியாயத்தில் கலெக்டர் ரோஸ் பீட்டர் வருகிறார், 1812 முதல் 1828 வரை மதுரையில் இருந்தாரே, பீட்டர் பாண்டியன் என்பார்களே அவர்தான். மழை இரவில் ஒரு சிறுமி வந்து அவரை வீட்டுக்கு வெளியே கூப்பிட்டாள், அவர் வெளியே வந்ததும் வீடு இடிந்து விழுந்தது, வந்தது மீனாட்சி என்று நம்பி அம்மனுக்குத் தங்க அங்கவடி (குதிரை ஏறுபவர் கால் வைக்கும் வளையம்) செய்து கொடுத்தார் என்ற கதை. மொழிபெயர்ப்பாளர் இதை ‘அபாக்ரிஃபல் ஸ்டோரி’ என்று போட்டிருக்கிறார். சரியா?

உடுக்கடி எழுதியது:

அபாக்ரிஃபல் என்பது நிஜ மனிதரைப் பற்றி, நடந்திருக்க வாய்ப்பில்லாமல் உலவும் கதைக்குச் சொல்வது. ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்ட கதை அப்படி. அவர் செத்த பிறகு வீம்ஸ் என்ற பாதிரியார் வாழ்க்கை வரலாற்றின் 1806 பதிப்பில் சேர்த்தது. அங்கே யார், எப்போது சொருகினார் என்று காட்ட முடிகிறது, அதனால் அந்தச் சொல் பொருந்துகிறது.

இங்கே கலெக்டர் நிஜம், அங்கவடி நிஜம், கோயில் நகைகளில் அது இருக்கிறது. நடுவில் இருக்கும் சிறுமி மட்டும்தான் விவாதத்துக்கு உரியவள், அவளைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை. அந்த அத்தியாயத்தில் கதையைச் சொல்வது யார்?

கண்ணாடித்தாள் எழுதியது:

கோயில் வாசலில் பூக்கட்டுகிற பாட்டி.

உடுக்கடி எழுதியது:

அப்படியென்றால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள், ‘ஸ்டோரி’யையும் சேர்த்து. பாட்டி நேராகச் சொல்லட்டும்.